சுக்கானைப் பிடிக்க இருவர்



கணவனும் மனைவியுமாக இருவர் மட்டும் ஒரு சிறிய மோட்டார் படகில் ஏறி, கரையோரமாகவே வாரக்கணக்கில் பயணம் செய்கிறார்கள் என்று கேட்டால் நம்மில் பலருக்கு வியப்பாயிருக்கும். நமக்குத் தெரிந்த கடல் மீனவருடைய பிழைப்பின் கடல்; அல்லது விடுமுறை நாளின் மாலையில் பிள்ளைகளோடு போய் நின்று பார்த்துத் திரும்பும் கடல். ஆனால் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், அமெரிக்காவின் சியாட்டில் நகரத்திலிருந்து கனடா நாட்டின் கரையைத் தழுவி அலாஸ்கா வரைக்கும் செல்லுகிற நீர்வழியில், ஒவ்வொரு கோடையிலும் இத்தகைய தம்பதியரை ஏராளமாகக் காணலாம். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பின் முதல் நெடும்பயணத்துக்குப் புறப்படுகிறவர்கள் அவர்களில் அநேகர். அவர்களுடைய பயணத்தின் அழகைக் காட்டிலும், அது இருவரிடத்திலும் எதிர்பார்க்கிற காரியங்களே நம்முடைய கவனத்துக்கு உரியவை.

தீவுகள் காக்கும் வழி

இந்த நீர்வழிக்கு 'உட்புற வழி' என்று பொருள்படும் 'இன்சைடு பாசேஜ்' என்னும் பெயர் வழங்குகிறது. பசிபிக் மகா சமுத்திரத்தின் பேரலைகள் நேரே வந்து மோதாதபடிக்கு, தீவுகள் பல மதிலைப்போல வரிசையாய் நிற்கின்றன. அவற்றுள் பெரியதாகிய வான்கூவர் தீவு ஏறக்குறைய 450 கிலோமீட்டர் நீளமுடையது. அந்தத் தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலுள்ள கால்வாய் போன்ற நீர்ப்பரப்பிலேதான் சிறு படகுகள் செல்லுகின்றன. இருபுறமும் தேவதாரு மரங்கள் அடர்ந்த மலைகள். அவற்றின் உச்சியில் கோடையிலும் கரையாத பனி. கீழே ஆழமான, கரிய பச்சை நிற நீர்.

முதன்முறை செல்லுகிற தம்பதியர் பெரும்பாலும் அலாஸ்கா வரைக்கும் போவதில்லை. சியாட்டிலுக்கு வடக்கே ஏறக்குறைய 200 கடல்மைல் தொலைவிலுள்ள 'டெசலேஷன் சவுண்டு' என்னும் நீர்ப்பகுதியே அவர்களுடைய இலக்கு. ஒரு கடல்மைல் என்பது 1.852 கிலோமீட்டர். 1792-ஆம் ஆண்டில் அங்கே வந்த ஆங்கிலேய மாலுமி ஜார்ஜ் வான்கூவர், அவ்விடத்தின் தனிமையைக் கண்டு 'பாழிடம்' என்று பொருள்படும் அப்பெயரை அதற்கு இட்டார். ஆனால் இன்று அந்தக் கரையில் பலரும் விரும்பி நீந்துகிற இடம் அதுவே. வான்கூவர் தீவின் வடமுனையைச் சுற்றி வரும் ஓதமும் தென்முனையைச் சுற்றி வரும் ஓதமும் அதன் அருகிலேதான் சந்திக்கின்றன. ஆகையால் அங்கே நீர் அதிகமாய் இடம்பெயருகிறதில்லை. கோடை வெயிலில் 20 பாகைக்கு மேலும் வெதுவெதுப்பாகிவிடுகிறது. 1973 முதல் அது அரசு பாதுகாக்கும் கடற்பூங்காவாக இருந்துவருகிறது.

மிதிவண்டியின் வேகத்தில் ஒரு வீடு

இப்பயணத்துக்கு ஏற்ற படகு சுமார் 30 முதல் 40 அடி நீளமுடையது. உள்ளே ஒரு படுக்கையறை, சிறிய அடுப்படி, ஒரு குளியலறை, சுக்கான் பிடிக்கும் இடம், தரைப்பலகையின்கீழ் ஒரு டீசல் இயந்திரம். இவ்வளவே. மும்பையிலோ பெங்களூரிலோ ஒற்றை அறையில் குடும்பம் நடத்தியவர்களுக்கு இந்த இடத்தின் அளவை விளக்கவேண்டியதில்லை.

இத்தகைய படகு விரைந்து செல்லாது. நீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகின் வேகத்துக்கு அதன் நீளமே எல்லை குறிக்கிறது. நீர்மட்டத்தில் 36 அடி நீளமுள்ள படகு மணிக்கு ஏறக்குறைய 8 கடல்மைல் செல்லும்; அதற்குமேல் விரட்டினால் டீசல் மிகுதியாகச் செலவாகுமேயன்றி வேகம் அதிகம் கூடாது. எனவே 7 கடல்மைல் வேகமே வழக்கம். அது ஏறத்தாழ 13 கிலோமீட்டர். அதாவது, ஒரு மிதிவண்டியின் வேகம்.

இக்கணக்கின்படி 200 கடல்மைலை 29 மணி நேரத்தில் கடந்துவிடலாம். தினமும் ஏழெட்டு மணி நேரம் ஓடினால் நான்கே நாட்கள் போதும் என்று காகிதம் சொல்லுகிறது. அனுபவமுள்ளவர்களோ இதற்கு ஒரு வாரத்துக்கும் அதிகமாக ஒதுக்குகிறார்கள். இரவில் அவர்கள் படகை ஓட்டுகிறதில்லை. மரம் வெட்டும் தொழில் நடக்கிற அக்கரையில், தப்பிப்போன பெருமரத் துண்டுகள் நீரில் மிதந்துவரும். அவற்றில் சில செங்குத்தாக நின்று, தலைமட்டும் நீர்மட்டத்தில் தெரியுமாறு காத்திருக்கும். பகலிலேயே கண்ணுக்குத் தப்பும் அவை இரவில் தெரிவதெப்படி? ஆகஸ்டு மாதத்தில் மூடுபனி வேறு சேர்ந்துகொள்ளும்.

நீர் திறக்கும் கதவுகள்

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே வழியைத் திறப்பதும் அடைப்பதும் ஓதமே. மழைக்காலத்தில் 4.5 மீட்டருக்கு மேல் கடல் ஏறும் நாட்களில் மும்பை மாநகராட்சி விடுக்கும் எச்சரிக்கை நம்மில் பலருக்குப் பழக்கமானது. ஏறக்குறைய அதே அளவு ஏற்றமும் வற்றமும் இந்தக் கரையிலும் உண்டு. திறந்த கடற்கரையில் அந்நீர் பரந்து ஏறி, பரந்து இறங்கும். இங்கேயோ அவ்வளவு நீரும் மலைகளுக்கிடையே உள்ள குறுகிய வாயில்களின் வழியாய்ப் புகுந்து வெளியேறவேண்டியிருக்கிறது. ஆகவே அவ்வாயில்களில் கடல், வெள்ளம் வந்த ஆற்றைப்போல ஓடுகிறது.

நனைமோ நகரத்துக்குத் தெற்கே 'டாட் நேரோஸ்' என்னும் இடுக்கு வழி உண்டு. அங்கே நீரோட்டம் மணிக்கு 8, 9 கடல்மைல் வரைக்கும் எழும்பும். 7 கடல்மைல் வேகமுள்ள படகு அதை எதிர்த்துப் போனால், இயந்திரம் முழு வலுவோடு ஓடியும் பின்னோக்கியே தள்ளப்படும். ஆனால் ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்குமுன் சில நிமிடங்கள் நீர் அசையாமல் நிற்கும். அந்த நேரத்தை அட்டவணையில் பார்த்து, படகுகள் இருமுனையிலும் வரிசையாய்க் காத்திருந்து கடந்து செல்லுகின்றன.

இன்னும் வடக்கே போனால் 'சீமோர் நேரோஸ்'. அங்கே ஓட்டத்தின் வேகம் 15 கடல்மைல் வரைக்கும் உண்டு. அதன் நடுவே நீர்மட்டத்துக்குச் சற்றே கீழாக 'ரிப்பிள் ராக்' என்னும் இரட்டை முனைப் பாறை மறைந்திருந்தது. பெரிதும் சிறிதுமாக நூற்றுக்கும் மேற்பட்ட கலங்கள் அதனால் சேதமுற்றன. நூற்றுக்கும் அதிகமானோர் மாண்டனர். மேலிருந்து அதைத் தகர்க்க எடுத்த முயற்சிகள் நீரோட்டத்தினால் வீணாயின. கடைசியில் அருகிலிருந்த தீவிலிருந்து கடலடியின் கீழாகச் சுரங்கம் தோண்டி, பாறைக்குள்ளேயே ஏறி, 1,200 டன்னுக்கும் மேற்பட்ட வெடிமருந்தை நிரப்பி, 1958 ஏப்ரல் 5-ஆம் தேதி அதைத் தகர்த்தார்கள். பாறை நீங்கிற்று, நீரோட்டமோ நீங்கவில்லை. இன்றைக்கும் சிறு படகுகள் அங்கே நீர் அடங்கும் வேளைக்குக் காத்திருக்கவே வேண்டும்.

'இன்றைக்கு வேண்டாம்'

காத்திருப்பது எளிதன்று. விடுமுறை நாள் கரைந்துபோகிறது. துறைமுகத்தில் இடம் பதிவு செய்தாயிற்று. ஊரிலிருந்து மகள் வருகிறாள், அவளை இன்ன நாளில் இன்ன இடத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இப்படி ஏதேனும் ஒரு காரணம் படகைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சிறு படகில் இருக்கக்கூடிய மிக ஆபத்தான பொருள் நாட்காட்டியே என்று கடலோடிகள் சொல்லுவது வேடிக்கைக்காக அல்ல.

ஜார்ஜியா நீரிணை இதற்குச் சரியான உதாரணம். இடுக்குகள் முடிந்து, திறந்த வெளியாய்ப் பரந்துகிடக்கும் அந்நீரைக் கடக்கச் சில மணி நேரமாகும். காலையில் கண்ணாடிபோலிருக்கும் அதே நீரில், பிற்பகலில் காற்று எழும்பி ஓட்டத்துக்கு எதிராய் வீசினால், அலைகள் குறுகி, செங்குத்தாகி, சிறு படகைப் புரட்டிப் போட்டுவிடும். வானிலை அறிக்கையை வானொலி இடைவிடாமல் அறிவிக்கிறது. கலங்கரை விளக்கங்கள் பலவற்றில் இன்றும் காவலர்கள் இருந்து, கண்ணால் கண்ட அலையையும் காற்றையும் தெரிவிக்கிறார்கள். அறிக்கை இருவருக்கும் கேட்கிறது. ஆனால் முடிவு யாருடையது?

படகுக்குப் பொறுப்பாளி ஒருவரே. சட்டமும் அப்படியே சொல்லுகிறது. எல்லை கடந்து கனடாவுக்குள் நுழையும்போது, நியமிக்கப்பட்ட துறையில் அவர் ஒருவரே இறங்கிச் சுங்க அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டும்; அனுமதி கிடைக்கும்வரை மற்றவர் படகிலேயே இருக்கவேண்டும். ஆயினும், புறப்படும் விஷயத்தில் தேர்ந்த தம்பதியர் ஓர் ஒழுங்கை ஏற்படுத்திக்கொள்கிறார்கள். புறப்படுவதற்கு இருவருடைய சம்மதமும் வேண்டும். நிற்பதற்கு ஒருவருடைய சொல்லே போதும். 'இன்றைக்கு வேண்டாம்' என்று ஒருவர் சொன்னால் அதற்குக் காரணம் கேட்டு வாதாடுவதில்லை. பயந்தவர் என்று பரிகசிப்பதுமில்லை. அன்றைக்கு நங்கூரம் எடுக்கப்படாது.

அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. அதுவும் கரையோரமாய்ச் சென்ற ஒரு பயணமே. நல்ல துறைமுகம் என்னும் இடத்தில் தங்கிவிடும்படி ஒருவர் எச்சரித்தார். கப்பல் எஜமானும் மாலுமியும் வேறுவிதமாய் எண்ணினார்கள். அநேகர் அவர்கள் பக்கம் சேர்ந்தார்கள். மெல்லிய தென்றலும் அவர்களுக்கு இசைவாகவே வீசியது. அடுத்து வந்த கடுங்காற்றில் கப்பல் சேதமாயிற்று. கப்பலிலிருந்த 276 பேரும் உயிர்தப்பினது கிருபையே. எண்ணிக்கையில் மிகுந்தவர்களுடைய விருப்பம் காற்றை அடக்கமாட்டாது என்பதற்கு அது நீங்காத சாட்சி.

நங்கூரமும் நாவும்

தம்பதியரிடையே சண்டை மூளும் வேளை எது என்று படகுக்காரரைக் கேட்டால், தயங்காமல் நங்கூரமிடும் வேளை என்பார்கள். ஒருவர் முன்பக்கத்தில் நின்று நங்கூரத்தை இறக்குகிறார். மற்றவர் சுக்கானருகே இருக்கிறார். நடுவே இயந்திர இரைச்சல். முன்னே நிற்பவர் 'நிறுத்து' என்கிறார். பின்னே இருப்பவர் காதில் அது விழுவதில்லை. குரல் உயருகிறது. சுற்றிலும் நங்கூரமிட்டிருக்கும் படகுகளில் உள்ளவர்களெல்லாம் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்து வேடிக்கை பார்க்கிறார்கள்.

இதற்குப் பரிகாரம் கைச்சைகை. முன்னே, பின்னே, நிறுத்து, இடது, வலது என ஐந்தாறு சைகைகளை முன்னதாகவே பேசி வைத்துக்கொண்டால் நாவுக்கு வேலையில்லை. தலையில் மாட்டிக்கொண்டு மெல்லப் பேசும் கருவிகளும் உண்டு. அவற்றுக்குப் படகுக்காரர் இட்ட வேடிக்கைப் பெயர், 'மணவாழ்வைக் காப்பவை'!

நங்கூரக் கயிற்றின் அளவையும் இருவரும் கணக்கிட அறியவேண்டும். நீரின் ஆழம் 6 மீட்டர். இரவில் ஓதம் ஏறப்போவது 4 மீட்டர். நீருக்குமேல் படகின் முகப்பு ஒன்றரை மீட்டர். ஆக மொத்தம் 11.5 மீட்டர். அதைப்போல் ஐந்து மடங்காவது, அதாவது 57.5 மீட்டருக்குக் குறையாமல், கயிறு விடவேண்டும். ஓதத்தைக் கணக்கில் சேர்க்க மறந்தவர்கள் நள்ளிரவில் படகு நகருவதைக் கண்டு விழித்தெழுவார்கள்.

டெசலேஷன் சவுண்டின் சில ஒதுங்குமிடங்களில் இடம் நெருக்கம். கடலடியோ செங்குத்துச் சரிவு. அங்கே முன்புறம் நங்கூரமிட்டபின், பின்புறத்தைக் கரையிலுள்ள மரத்தோடு கயிற்றினால் கட்டவேண்டும். ஒருவர் படகை நிலையாய்ப் பிடித்திருக்க, மற்றவர் சிறு தோணியில் துடுப்பு வலித்துக் கரைக்குப் போய்க் கயிற்றைச் சுற்றிக்கொண்டு திரும்புகிறார். இந்த வேலையை ஒருவர் தனியே செய்வது மிகக் கடினம்.

ஒருவர் விழுந்தால்

இனி, பேசத் தயங்கும் காரியத்துக்கு வருவோம். வழக்கமாய்க் கணவன் சுக்கானைப் பிடிக்கிறான். மனைவி சமையலையும் கயிற்றையும் பார்க்கிறாள். இயந்திரமும் வானொலியும் வரைபடமும் அவனுக்கே தெரியும். அவன் கடலில் தவறி விழுந்தால்? அல்லது சுக்கானருகே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால்? அந்த நிமிஷத்தில் படகில் எஞ்சியிருப்பவர் ஒருவரே. அவருக்கு ஒன்றும் தெரியாவிட்டால், இருவருடைய உயிரும் ஆபத்தில் இருக்கிறது.

சியாட்டிலைச் சுற்றிய நீர்ப்பரப்பின் பெரும்பகுதியில் கோடையிலும் நீரின் வெப்பம் 15 பாகைக்குக் கீழேயே இருக்கும். இத்தகைய குளிர்நீரில் விழுந்தவரின் நிலையைக் கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் 1, 10, 1 என்னும் மூன்று எண்களில் சுருக்கிச் சொன்னார். முதல் 1 நிமிடம், திணறும் மூச்சை அடக்கிக்கொள்ள. அடுத்து 10 நிமிடங்கள், கைகால்கள் பயன்தரும்படி அசையும். அதற்குப்பின் 1 மணி நேரமளவில் உடல் குளிர்ந்து நினைவு தப்பும். ஆனால் உயிர்காப்பு அங்கி அணியாதவர், குளிரினால் சாகுமுன்னமே கைகால் சோர்ந்து மூழ்கிவிடுவார். ஆகையால் அங்கி பெட்டிக்குள் அல்ல, உடலின்மேல் இருக்கவேண்டும்.

படகில் எஞ்சியிருப்பவர் அறியவேண்டியவை இவை. மிதவையை உடனே எறியவேண்டும். விழுந்தவரிடமிருந்து கண்ணை எடுக்காமல் படகைத் திருப்பவேண்டும். அவரை நெருங்கியதும் சுழலி அவரைக் காயப்படுத்தாதபடி இயந்திரத்தை நிறுத்தவேண்டும். வி.எச்.எஃப். வானொலியில் 16-ஆம் அலைவரிசையைத் திறந்து, 'மேடே' என்று மூன்றுமுறை சொல்லி, படகின் பெயர், இருக்குமிடம், நேர்ந்த ஆபத்து, படகிலுள்ளோர் தொகை ஆகியவற்றைத் தெரிவிக்கவேண்டும். நனைந்த உடையோடு கனத்துப்போன ஒருவரைக் கையால் தூக்கி ஏற்றுவது பெரும்பாலும் ஆகாத காரியம். ஆகவே நீரிலிருந்தபடியே எட்டிப் பிடிக்கத்தக்க ஏணி வேண்டும்; நீர்மட்டத்துக்குமேல் அரை மீட்டருக்கு அதிகமாய் உயர்ந்த படகுகளில் அத்தகைய சாதனம் இருக்கவேண்டுமென்று கனடா நாட்டுச் சட்டமே கட்டளையிடுகிறது. இவற்றையெல்லாம் அமைதியான ஒரு காலையில், ஒரு மெத்தையை நீரில் எறிந்து, இருவரும் மாறி மாறிப் பழகிப் பார்க்கவேண்டும்.

முன்னே சென்றவர்கள்

இந்த நீர்வழியில் முன்னே சென்ற குடும்பங்கள் உண்டு. ராபர்ட் பிங்கர்டன், கேத்ரீன் பிங்கர்டன் என்னும் எழுத்தாளத் தம்பதியர் 1920-களில் தங்கள் சிறு மகளோடு 'யக்கிமா' என்னும் மோட்டார் படகில் இக்கரையோரமாய்ப் பயணம் செய்தார்கள். பயணம் வருடக்கணக்காய் நீண்டது. அக்கதையை 1940-இல் நூலாக எழுதியவர் கேத்ரீன்.

அதே 1920-களில், வான்கூவர் தீவில் வாழ்ந்த பிளாஞ்செட் குடும்பத்தின் தலைவர் தம் 25 அடிப் படகில் தனியே சென்று திரும்பாமற்போனார். படகுமட்டும் கிடைத்தது. அவருடைய மனைவி வைலி பிளாஞ்செட் அந்தப் படகை விற்றுவிடவில்லை. கோடைதோறும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, ஐந்து பிள்ளைகளையும் அதே படகில் ஏற்றிக்கொண்டு இக்கரையோரமெல்லாம் சென்றுவந்தார். சுக்கானும் அவர் கையில். இயந்திரம் பழுதானால் திருத்துவதும் அவரே. அந்த நாட்களைக் குறித்து அவர் எழுதிய 'தி கர்வ் ஆஃப் டைம்' 1961-இல் வெளிவந்தது; இன்றும் அவ்வழியே செல்லும் படகுகளில் அது வாசிக்கப்படுகிறது.

அவர்களுக்கும் முன்னே, 1904-ஆம் ஆண்டில், ஆங்கிலிக்கன் போதகராகிய ஜான் ஆன்டில் ஒரு சிறு படகில் தம்முடைய இளம் மகனோடு இக்கரையோரமாய்ச் சென்றார். மரம்வெட்டிகளின் முகாம்களில் காயமுற்றோருக்கு வைத்தியர் இல்லாததைக் கண்ணால் கண்டு திரும்பினார். மறு ஆண்டே 'கொலம்பியா' என்னும் ஊழியப் படகு வைத்தியரோடு அந்த நீரில் இறங்கிற்று. கரையோர மருத்துவமனைகளும் தொடர்ந்தன.

கரையிலுள்ள நமக்கு

ஊரைவிட்டு, உறவைவிட்டு, வேறொரு மொழி வழங்கும் நகரத்தில் இருவராய்க் குடியிருக்கும் குடும்பமும் ஒருவகையில் அத்தகைய படகே. அக்காவோ சித்தப்பாவோ அடுத்த தெருவில் இல்லை. அப்படியிருக்க, வங்கிக் கணக்கும் காப்பீட்டுக் காகிதமும் எங்கே இருக்கின்றன என்று கணவனுக்குமட்டும் தெரிந்திருந்தால், பிள்ளையின் மருந்தும் பள்ளிக்கூட விவரமும் மனைவிக்குமட்டும் தெரிந்திருந்தால், அந்த வீட்டில் சுக்கானைப் பிடிக்கத்தக்கவர் எத்தனை பேர்? நள்ளிரவில் ஆம்புலன்சை அழைத்து, வீட்டின் முகவரியை அந்த ஊர்மொழியில் பிழையின்றிச் சொல்ல இருவராலும் கூடுமா?

அந்தக் கரையின் நல்ல படகுகளில் காலைதோறும் ஒரு வழக்கம் உண்டு. புறப்படுமுன் எண்ணெய், குளிர்நீர், வார்ப்பட்டை, டீசல் வடிகட்டி ஆகியவற்றை ஒருவர் பார்வையிடுகிறார். மற்றவர் அன்றைய ஓதத்தையும் காற்றையும் குறிப்பேட்டில் எழுதுகிறார். மறுநாள் இருவரும் வேலையை மாற்றிக்கொள்ளுகிறார்கள். அதற்குச் செலவாவது கால் மணி நேரமே.